டெங்கிலில் ஒரு சைவ மேசை

லங்காட் ஆற்றோர ஊரான டெங்கிலுக்கு எங்கள் வீட்டார் போவது நண்டுக்கும் இறாலுக்கும்தான். நான் சைவம்; ஆனாலும் கூடவே போகிறேன்.

சீனர் கடலுணவுக் கடையில் 'சாயோர்' என்று மட்டும் கேட்டால் போதாது. கங்கோங் கீரையில் பெலாச்சான் சேர்ப்பார்கள். அது உப்பிட்டுப் புளிக்கவைத்த கூனி இறால். கைலான் கீரையில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். தௌஃபூவின் மேல் அரைத்த இறைச்சி தூவுவதும் உண்டு. ஆகவே, 'பெலாச்சான் தாக் மாவ், சோஸ் தீராம் தாக் மாவ்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாணலியைக் கழுவிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். சீனர்களின் பௌத்த சைவத்தில் பூண்டும் கிடையாது. வேண்டுமானால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

பூண்டு மணக்கும் கீரையும் சுடுசோறும் வந்துவிட்டால், வட்ட மேசையில் யாரும் தனியாள் இல்லை.