ஓரி நாட்டில் ஒரு நாட்டியப் பாடம்

கொல்லிமலைக்கு மேற்கே விரிந்த சமவெளியில் அமைந்துள்ளது ராசிபுரம். இங்குள்ள பழம்பெரும் கைலாசநாதர் ஆலயத்தை வல்வில் ஓரியோடு சேர்த்துச் சொல்வது ஊர் மரபு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி, ஆடற்கலைஞரைப் போற்றியவன். அவனிடம் பரிசில் பெற்ற கூத்தர் சுற்றம் பசி நீங்கிய நிறைவில் ஆடலையும் பாடலையுமே மறந்துவிட்டதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார்.

ஓரியின் நாட்டில் இன்றும் சலங்கை கட்டும் சிறுமியர் உண்டு. ஆனால் நாட்டியத் தேர்வுக்கு ஆடினால் மட்டும் போதாது. எழுத்துத் தாளும் உண்டு. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் கூறும் தலையசைவுகள் 9, கண்ணசைவுகள் 8, கழுத்தசைவுகள் 4, ஒற்றைக்கை முத்திரைகள் 28. பரத முனிவர் வகுத்த கரணங்கள் 108. தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறை. இவையனைத்தையும் மனனம் செய்ய வேண்டும். பேத்தி ஒப்பிப்பதைக் கேட்கும் பெரியோர்க்கு இப்பெயர்கள் புதியனவாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றின் பொருளை அவர்கள் முன்பே அறிவர். பாடத்தின் பெரும்பகுதி அவர்கள் வலம்வரும் ஆலயங்களிலேயே இருக்கிறது.

ராசிபுரம் நித்ய சுமங்கலி மாரியம்மன் சந்நிதியையே எடுத்துக்கொள்வோம். அம்மனின் கணவராகக் கருதப்படும் கம்பம் பிற ஊர்களில் விழா முடிந்ததும் அகற்றப்படும். இங்கோ அது ஆண்டு முழுவதும் நிலைத்திருக்கிறது. அன்னையின் திருநாமத்துக்கும் அதுவே காரணம். கொங்கு நாட்டு மாரியம்மன் விழாக்களில் பறையொலிக்கு அடிவைத்துக் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். நடுவில் தெய்வம், சுற்றிலும் அடியார், எல்லோர்க்கும் ஒரே தாளம். குழு நடனம் அமைப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை ஏது?

அடுத்து நாமக்கல். அங்கே மலையைக் குடைந்த நரசிம்மர் குகைக்கோயிலில், இரணியனைக் கிழிக்கும் பெருமானிடம் ரௌத்திரத்தைக் காணலாம்; உலகளக்கக் காலுயர்த்திய திரிவிக்கிரமனிடம் வீரத்தைக் காணலாம். வெளியே 18 அடி உயர ஆஞ்சநேயர், கூரையின்றி வானத்தின்கீழ், நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். அந்தக் கூப்பிய கையே அஞ்சலி முத்திரை. தெய்வத்துக்குத் தலைமேலும், குருவுக்கு முகத்தின் முன்னும், அந்தணர்க்கு மார்பின் முன்னும் கூப்புக என்பது அபிநய தர்ப்பணத்தின் விதி. ஆஞ்சநேயரோ தம் தெய்வத்தின் எதிரே மார்பருகில் கூப்பியிருக்கிறார். ஏன் என்று பேத்தி கேட்டால், நெஞ்சிலே இறைவனை வைத்தவர் வேறெங்கே கூப்புவார் என்று பாட்டி சொல்லக்கூடும். தேர்வில் விதியை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். மேடையில் கைகூப்பும்போது உயிர் தருவது பாட்டியின் விடையே.

கரணங்களைக் காணக் காவிரி நாட்டுக்குச் செல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் சிவபெருமானே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கற்கள் வெறுமையாகவே நின்றுவிட்டன. அக்கோயிலில் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களைக் கல்வெட்டு இன்றும் காட்டுகிறது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அதனால் துயர் நீங்கியது நன்றே. ஆயினும் ஆடல் அதற்குள் சந்நிதியை விட்டு மேடைக்குப் பெயர்ந்திருந்தது. அதனால்தான் கரணத்தின் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளை, அதைக் கோயிலில் கண்டறியாமலே வளர்ந்துவிட நேர்கிறது.

அக்குறையைத் தீர்ப்பது பெரியோர் கையில் இருக்கிறது. தஞ்சையின் மேல்தளத்தைக் காண்பது எளிதன்று. சிதம்பரமோ எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. அங்கே கோபுர வாயிலின் இருமருங்கும் கரணச் சிற்பங்களையும், அவற்றின் அருகே பொறித்த நாட்டிய சாஸ்திர சுலோகங்களையும் காணலாம். தேர்வு நெருங்குமுன் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவு தொலைவு இயலாதவர்கள் ராசிபுரத்திலிருந்து பேருந்தில் நாமக்கல் வரையேனும் சென்று வரலாம். அவர்கள் முத்திரையின் பெயரைச் சொல்லட்டும். நீங்கள் அம்மூர்த்தியின் கதையைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் பாடம் நிறைவுபெறும், தரிசனமும் நிறைவுபெறும்.