கிணற்றடி யூக்கலிப்டஸ்

எமது வளவின் வேலியோரத்தில், கிணற்றுக்குப் பத்து முழம் தள்ளி, ஒரு யூக்கலிப்டஸ் மரம் நின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்து மீண்ட பின்னர், யாரோ கொணர்ந்து இலவசமாக வழங்கிய கன்றுகளுள் அதுவும் ஒன்று. கல்லடி மணலில் எதை நட்டாலும் கருகிப்போன காலம் அது. இக்கன்று மாத்திரம் எவருடைய தயவையும் எதிர்பாராமல் வளர்ந்து, பத்தாண்டுகளுள் கூரையை மேவிற்று. கச்சான் வீசும் மாதங்களில் அதன் இலையோசை வாவியில் அலை அடிப்பது போலவே கேட்கும்.

அடுத்த வளவு மாமிக்கோ அம்மரத்தைக் கண்ணிற் காட்டக் கூடாது. "மனே, உங்கட மரம் எங்கட கிணத்தைக் குடிக்குது" என்பார். ஆவணி பிறந்தால் அவருடைய கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கும். வழக்கும் எமது வாசலுக்கு வந்துவிடும். கல்லூரியிற் கற்பிப்பவர்கள் அல்லவா நாம்? விளக்கம் கூறப் புகுந்து காரியத்தை மேலும் கெடுத்துக்கொண்டோம்.

மாமியின் சொல்லில் நியாயம் இல்லாமலில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், கர்நாடக அரசு 2017 இல் யூக்கலிப்டஸ் புதிதாக நடுவதையே தடைசெய்தது. எமது வளவில் நின்ற இனம் கமால்டுலென்சிஸ். இலங்கையின் வறண்ட வலயத்திற் பெரிதும் நடப்பட்டது அதுவே. ஆஸ்திரேலியாவில் அது ஆற்றங்கரை மரம். ஆற்றங்கரையிற் பிறந்தது, நீரைக் கண்ட இடத்தில் வாய் வைக்காமலிருக்குமா?

ஆனால் அக்குலம் முழுவதும் அத்தகையதன்று. ஆஸ்திரேலியாவின் தெற்கு, மேற்குக் கரைகளை அடுத்த வறண்ட நிலங்களிற் புதராகவே வளரும் யூக்கலிப்டஸ் வகைகள் பல உள. அந்நாட்டு ஆதிக்குடிகளின் சொல்லால் அவற்றை 'மாலி' என வழங்குவர். ஓரடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். நிலமட்டத்திற் கிழங்கு போலப் பருத்த கட்டை ஒன்று இருக்கும். காட்டுத் தீ மேலுள்ள அனைத்தையும் எரித்தாலும் அக்கட்டை மீண்டும் துளிர்க்கும். நீரற்ற அந்நிலத்தில் ஆதிக்குடிகள் சில மாலிகளின் வேரைத் தோண்டித் துண்டங்களாக்கி, நிமிர்த்தி வைத்து, அவற்றிலிருந்து வடியும் நீரைப் பருகினர். இதனை மாமியிடம் சற்றுப் பெருமையுடன் எடுத்துரைத்தோம்.

"அப்ப அந்த வேரை வெட்டி எனக்கு ரெண்டு வாளி தண்ணி தாங்க பாப்பம்" என்றார்.

அவருடைய பேரன் எம்மிடம் பாடம் கேட்க வருபவன். யூக்கலிப்டஸ் இலையொன்றை வெயிலுக்கு நேரே பிடித்து நோக்கச் சொன்னோம். ஊசியாற் குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. எண்ணெய் உறையும் இடங்கள் அவை. நாவலிலையும் கொய்யா இலையும் அவ்வாறே. கிராம்பும் சேர்ந்து இவையெல்லாம் ஒரே குடும்பம். வாவியின் முகத்துவாரத்தருகே நாவலடி என்றோர் ஊர். பெயரே நாவல் மரத்தின் அடியைச் சொல்கிறது. கடல்கொண்ட அன்று பெரிதும் அழிந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. அந்நிய மரமென்று நாம் ஏசியது, அந்த நாவலுக்கு உறவுமுறை என்பதைக் கேட்டுப் பையன் சிரித்தான்.

கிணற்றின் சங்கதி வேறு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இம்மணற்றிட்டின் கீழே, மழை தந்த நன்னீர் உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது நூற்கணக்கு. மேலே குறையக் குறைய, கீழிருந்து உப்பு ஏறும். 2005 இல் இதனை ஊரார் நேரிற் கண்டனர். கடல்நீர் நிறைந்த கிணறுகளைத் துப்புரவாக்கவென்று ஓயாமல் இறைத்தவர்கள், அடியிலிருந்த உப்பையே மேலே இழுத்துக்கொண்டனர். கிணறுகளைத் தேற்றியது பெரும்பாலும் மாரிமழைதான்.

மரம் குடித்தது மெய். காலையும் மாலையும் எமது கிணற்றில் ஓடிய மோட்டரும் குடித்தது. ஒரு குதிரைவலு மோட்டர். குரோட்டன் செடிகளுக்கும் முற்றத்துப் புல்லுக்கும் அதுதான் நீர் வார்த்தது. இதனை மாத்திரம் மாமியிடம் நாம் விளக்கவில்லை.

2019 ஆவணியில் மாமி எம்முடன் பேச்சை நிறுத்தினார். இரு வாரம் பொறுத்தோம். பின்னர் ஆளை வைத்து மரத்தை வெட்டுவித்தோம். அன்று மாலையே வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் பாயசம் வந்தது. மரத்தின்மீது பழியைச் சுமத்திவிட்டுப் பாயசம் உண்டோம்.

மறு ஆண்டு ஆவணியிலும் அவர் கிணறு உப்புக் கரித்தது. மாமி வேலியருகே வந்து, அடிக்கட்டையை நெடுநேரம் பார்த்தவாறு நின்றார். பின்பு மெதுவாக வினவினார்:

"மனே, உங்கட மோட்டர் எத்தின மணிக்குப் போடுறீங்க?"

விடை கூற எமக்கு நா எழவில்லை. குரோட்டன் செடிகள் மறுநாள் முதல் கைவாளிக்கு மாறின, புல் கருகிற்று, வீட்டார் முணுமுணுத்தனர். கிணறு முற்றாகத் திருந்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆவணிக் கடைசியில் இன்றும் சிறிது கரிக்கும்.

வெட்டிய கட்டையோ துளிர்த்துவிட்டது. ஓரடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகள். பார்த்தால் மாலிப் புதர் போலவே இருக்கிறது. வேரோடு தோண்டிவிடவா என்று மாமியையே கேட்டோம்.

"நிக்கட்டும், உயர மட்டும் விடாதீங்க" என்றார். பேரனுக்குத் தடிமன் பிடித்தால், ஆவி பிடிப்பதற்கு வேலிக்கு மேலாகக் கைநீட்டி அவரே இலை ஒடித்துக்கொள்கிறார்.