ஹிமாலயத்தில் அடுப்பு மூட்டினோம்

"விடிந்ததும் ஒரு டம்ளர் காபி கிடைக்குமென்றால் எந்த மலைக்கு வேண்டுமானாலும் வருகிறேன்" என்றாள் அக்கா. பெரியப்பாவின் மகள்; பள்ளிக்கூடத்து ஆசிரியை; ஐம்பதை நெருங்குகிறவள். அவள் போட்ட அந்த ஒரு நிபந்தனையால்தான், குலு பள்ளத்தாக்கிலிருந்து லாஹூலுக்குப் போகும் ஹம்ப்டா கணவாய்க்குப் புறப்படுமுன் நான் அடுப்பு சாஸ்திரம் படிக்க வேண்டியதாயிற்று.

எரிபொருளைச் சென்னையிலேயே வாங்கி மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வாயு டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ரயிலிலும் கூடாது. மண்ணெண்ணெய்க்கும் ஸ்பிரிட்டுக்கும் அதே கதிதான். ஆகவே, போகிற ஊரில் என்ன கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு அப்புறம் அடுப்பு வாங்குவதே சிலாக்கியம். நல்ல வேளையாக, மனாலியில் மலையேறுகிறவர்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன.

நம் பாட்டிமார் ஸ்டவ் பின்னும் கையுமாகப் போராடிய பம்ப் ஸ்டவ் நினைவிருக்கிறதா? 1892-ல் ஸ்வீடன் தேசத்து லிண்ட்க்விஸ்ட் செய்த பிரைமஸ்தான் அதற்கு மூதாதை. 1911-ல் ஆமுண்ட்ஸென் தென் துருவத்தை அடைந்தபோதும், 1953-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டில் ஏறியபோதும் கூடவே போன அடுப்பு அது. சிகரத்தை எட்டிய அன்று காலை ஹில்லாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துவிட்டது. அதை அடுப்பின் மேல் காட்டி இளக்கிக் காலில் மாட்டிக்கொள்ள அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்ததாம்! எந்தக் குளிருக்கும் மசியாத அடுப்புதான். ஆனால் முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். கரியும் மண்ணெண்ணெய் வாசனையும் மூட்டையெல்லாம் பரவும். ஸ்பிரிட்டை மட்டும் எரிக்கும் குட்டி அடுப்பு இன்னும் எளிது. ஆனால் வெய்யிலில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று எண்ணி மேலும் ஊற்றப் போனால் ஆபத்துதான்.

நாங்கள் வாங்கியது வாயு டப்பாவின் தலையில் திருகி வைக்கும் அடுப்பு. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். கடைக்காரர் இரண்டு தினுசு டப்பா காட்டினார்: ஒன்று வெறும் ப்யூட்டேன், மற்றொன்று ப்ரொபேன் கலந்தது, விலை சற்று அதிகம். கொத்தவால் சாவடியில் பேரம் பேசிப் பழகிய அக்கா, "இரண்டும் எரிகிற வாயுதானே?" என்று மலிவானதையே எடுத்தாள். நான் பிடிவாதமாக மற்றதிலும் ஒன்று வாங்கிக்கொண்டேன். திருகு சரியாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொண்டோம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 15 கிராம் வாயு என்று கணக்குப் போட்டேன். காற்றடித்தால் அந்தக் கணக்கு எடுபடாது.

இரண்டாம் நாள் மாலை பாலு கா கேராவில் கூடாரம் அடித்தோம். ஏறக்குறைய 12,000 அடி. மரங்களெல்லாம் கீழேயே நின்றுவிட்டன. மணல் திட்டுகளுக்கு நடுவே ஓடை கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அக்கா வைத்த பருப்பு ஒரு மணி நேரம் துள்ளிக் குதித்ததே தவிர வேகவில்லை! வறுத்த ரவையும் அவலும் இல்லாவிட்டால் அன்று பட்டினிதான்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குளிரில் அக்காவின் பற்கள் தாளம் போட்டன. அடுப்பை உள்ளே இழுத்துக் கூடாரத்தின் ஜிப்பை மூடிவிட்டு, "கொஞ்ச நேரம் எரியட்டும், கதகதப்பாக இருக்கும்" என்றாள்.

"அக்கா, வேண்டாம்!"

"ஏண்டி, ஹில்லாரி கூடாரத்துக்குள்ளே ஏற்றவில்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து எங்கள் வழிகாட்டியின் குரல் கேட்டது. "தீதி, அணையுங்கள்! முதலில் அணையுங்கள்!" சாதுவான மனிதர், இரண்டு நாளில் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. ஜிப்பை அவரே திறந்து அடுப்பை வெளியே வைத்துவிட்டார்.

கூடாரம் தீப்பிடிக்கும் என்பது மட்டுமல்ல. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். உயரத்தில் ஏறினாலும் இதே தலைவலியும் குமட்டலும் வருமல்லவா? "மலைக் கோளாறு, படுத்தால் சரியாகிவிடும்" என்று படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. அன்று சாயங்காலத்திலிருந்தே எனக்குத் தலைவலி. அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. அக்கா இரவெல்லாம் வாய் திறக்கவில்லை. இரண்டு கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு, சுடுநீர்ப் புட்டியை அணைத்தபடி படுத்தாள்.

விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அக்காவின் மலிவு டப்பாவைத் திருகினேன். நீலச் சுடர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. குலுக்கினால் உள்ளே திரவம் தளும்புகிறது. எரியத்தான் மாட்டேன் என்கிறது. ப்யூட்டேன் பூஜ்ய டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. ப்ரொபேனோ மைனஸ் 42 வரையில் ஆவியாகும். கலவை டப்பாவை ராத்திரி என் தூக்கப் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதை மாட்டினேன், குப்பென்று பிடித்தது. காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு பாறையை மறைப்பாக வைத்தோம். சுற்றிலும் அடைத்தால் டப்பா சூடேறி வெடித்துவிடும்.

காபி தயாரான போது வழிகாட்டி கோவேறு கழுதைகளுக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் டம்ளரை அக்கா என்னிடம் கொடுக்கவில்லை. நேரே அவரிடம் எடுத்துப் போனாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சி போடவில்லையா, தீதி?" என்றார் அவர்.