தளைக்கயிற்றின் கூலி

மே மாதம் எங்கள் தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் அப்பா வைத்த மூன்று மரங்கள். ஆள் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நண்பர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டேன். மரத்துக்கு 500 ரூபாய், மட்டை அள்ளிப்போக 300 என்றார் காண்ட்ராக்டர். சரி என்றேன்.

மறுநாள் காலை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கூடவே மட்டை அள்ள ஒரு பையன். பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு கயிற்று வளையம். தளைக்கயிறு. இரண்டு பாதங்களையும் அதில் மாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்து, உன்னி உன்னி ஏற வேண்டும். வியர்வை ஏறிக் கறுத்திருந்த அந்தக் கயிற்றின் முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அது பதிகிற இடத்தில் பாதம் செருப்புத்தோல் மாதிரி காய்த்திருந்தது. மார்பிலும் முன்கையிலும் அதே காய்ப்பு.

“பச்சை மட்டையையும் கழிச்சிடுங்கண்ணே, இனிமே விழாம இருக்கும்” என்றேன்.

“வேணாம் சார். ஒவ்வொரு மட்டை இடுக்குலயும்தான் பாளை வரும். மட்டைதான் குலையைத் தாங்குது. வெட்டின காயத்துக்கு வண்டும் வரும்.”

தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்டினாலும் 4 அடி தண்டு விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. காரணம் சிவப்புக் கூன்வண்டு. இவர் அதைப் படித்ததில்லை.

இரண்டு மரங்கள் முடிந்தன. மூன்றாவது மரத்தடியில் நின்றுவிட்டார். ஆள் உயரத்தில் சின்ன ஓட்டை. அதிலிருந்து செம்பழுப்பாக நீர் வடிந்து காய்ந்திருந்தது. அரிவாள் பிடியால் தட்டினார். சத்தம் பொத்தென்று வந்தது. “உள்ள தின்னுடுச்சு சார். இதுல ஏறினா மரத்தோட நானும் வந்துடுவேன்.” தினமும் அந்த மரத்தைக் கடந்து போகிற என் கண்ணில் அந்த ஓட்டை பட்டதே இல்லை.

அன்று லீவு போட்டு அவரோடு கிளம்பினேன். மாமரம், வேம்பு கழித்த வீடுகளில் சொல்ல அதிகமில்லை. டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் பேசினார். விக்கிரவாண்டி பக்கம் ஊர். அப்பா பனையேறி, கள் இறக்கியவர். 1987இல் கள்ளுக்குத் தடை வந்தபோது இவருக்குப் பதின்மூன்று வயது. குடும்பம் சென்னைக்கு வந்தது. பனைக்குப் பழகிய கால் தென்னைக்கு மாறியது. கயிறு மட்டும் மாறவில்லை. மழை பெய்தால் மரம் வழுக்கும்; அன்று கூலி இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுகிறவர்களுக்கென்றே ‘கேர சுரக்ஷா’ என்று காப்பீடு வைத்திருக்கிறது. அந்தப் பேரையே அவர் கேட்டதில்லை.

உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். மரத்துக்கு 200. நான் கொடுத்தது 1,300. அவருக்கு 400, பையனுக்கு 150. மீதி 750 ரூபாய், மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்காதவருக்கு. விழுந்தால் உடைவது இவர் இடுப்பு. ஆஸ்பத்திரிச் செலவு இவர் வீட்டோடு. போனை எடுத்ததற்கு இத்தனை பங்கா? விலை கேட்கிற நாம், மரத்தில் ஏறுகிறவருக்கு எவ்வளவு என்றும் கேட்டிருக்க வேண்டும். காண்ட்ராக்டரிடம் நான் அதைக் கேட்கவில்லை. 500 ரூபாய் கொடுத்தபோது முழுக்கூலி கொடுத்ததாகவே நினைத்தேன்.

பிறகு அந்த மூன்றாவது மரத்தை அறுத்து இறக்கினோம். ஓட்டைக்கு நேராக உள்ளே கை நுழையும் அளவுக்குக் குடைந்திருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, காய் பறிக்க அவரையே நேராகக் கூப்பிட்டேன். மரத்துக்கு 400, பையனுக்குத் தனி. பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார். பையிலிருந்து வந்தது புதுக் கயிறு. அதன் முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார்.