இடுப்புக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே

2016 ஏப்ரலில் ஹூஸ்டன் பகுதி நெடுஞ்சாலை ஒன்றில், சுங்கக் கட்டணம் பாக்கியிருந்த ஒரு வாடகைக் காரைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். கார் நகரத் தொடங்கியதும் கதவோரப் படியில் தாவி ஏறி, உள்ளே இரண்டு முறை சுட்டார். காரை ஓட்டிவந்த 24 வயது ஆஷ்டியன் பார்ன்ஸ் இறந்துபோனார். காவலரின் உயிருக்கு ஆபத்து இருந்த அந்த ஓரிரு விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. அப்படிப் பார்ப்பது தவறு, அதற்கு முன் நடந்த அனைத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று 2025 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. காருக்குள்ளும் காரைச் சுற்றியும் கைத்துப்பாக்கியைக் கையாளக் கற்றுத்தரும் பயிற்சித் திடல்கள் அந்நாட்டில் நிறைய உண்டு. அங்குள்ள தேர்ந்த ஆசிரியர்கள் பாடம் நடத்துவதும் அந்த முன்விநாடிகளைப் பற்றித்தான். இந்தத் தொழிலை ஆழ்ந்து அறிந்தவர்கள் துப்பாக்கிக்கான இடத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள் என்பதும், இதை வைத்துப் பொருள் விற்பவர்கள் அதே இடத்தைப் பெருக்கிக்கொண்டே போகிறார்கள் என்பதும் என் வாதம்.

திடல் என்பது மண்மேடு சூழ்ந்த ஒரு பொட்டல். பழைய இரும்புக்குப் போகவேண்டிய கார்கள்தான் அதன் கரும்பலகை. பெட்ரோலையும் ஆயிலையும் வடித்து, பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக்கை முடக்கிய பிறகே அவற்றின் பக்கம் மாணவரை விடுவார்கள். ஆசிரியர்களில் பலர் முன்னாள் காவலர்கள், ராணுவத்தினர். உடன் நிற்கும் உதவியாட்களுக்குக் கண்ணாடித் தூளோடுதான் நாள் முழுக்கப் பாடு. பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அங்கே யாரும் நடமாடுவதில்லை. எந்த உறை நல்லது, எந்தத் தோட்டா நல்லது என்ற முடிவில்லாத வாக்குவாதங்களை நான் தாண்டிப் போகிறேன். சொல்லவேண்டிய கருவி வேறொன்று: சீட் பெல்ட். அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். பெல்ட் இடத் தோளிலிருந்து குறுக்கே இறங்கி, வலது இடுப்பருகே பூட்டிக்கொள்கிறது. வலக்கைக்காரர் துப்பாக்கியைச் செருகி வைப்பதும் அதே வலது இடுப்பில்தான். நின்றபடி ஒன்றரை விநாடியில் துப்பாக்கியை உருவிப் பழகியவர் காரில் உட்கார்ந்ததும் தடுமாறுவது இதனால்தான். மேலே சட்டை, அதன்மேல் பெல்ட், பக்கத்தில் பக்கிள், பின்னால் இருக்கையின் விளிம்பு, முன்னால் ஸ்டீயரிங். அவசரத்தில் இழுத்தால் குழல் முனை அவருடைய தொடையையே கடந்து போகும். தொடையில் ஓடும் பெருநாடியில் குண்டு பட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பக்கத்து இருக்கையில் மனைவியோ பிள்ளையோ இருந்தால் முனை அவர்களையும் தடவிக்கொண்டுதான் திரும்பும். ஆகவே முதல் அரைநாள் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு கழிகிறது: இடக்கையால் பக்கிளை விடுவிப்பது, பெல்ட் முழங்கையில் மாட்டாமல் தோளுக்கு அப்பால் தள்ளுவது, அதன் பிறகே வலக்கையை இடுப்புக்குக் கொண்டுபோவது. இதை நூறு முறை செய்து பார்ப்பவருக்கு, காரில் உட்கார்ந்திருக்கும்போது துப்பாக்கி எவ்வளவு தாமதமான கருவி என்பது உடம்பாலேயே புரிந்துவிடும்.

கார் ஒரு கவசம் என்ற நம்பிக்கை இரண்டாம் நாள் உடைகிறது. கைத்துப்பாக்கிக் குண்டு கதவைத் துளைத்துக்கொண்டு போகும். அதை நம்பகமாக நிறுத்துவது எஞ்சின் பாளமும் சக்கரத்தின் மையப் பகுதியும்தான். முன்கண்ணாடி சாய்ந்திருப்பதால் உள்ளிருந்து சுட்ட முதல் குண்டு குறிக்கு மேலே எழும்பும், வெளியிலிருந்து வருவது கீழே தாழும். பானெட்டில் சாய்வாகப் பட்ட குண்டு தகட்டை ஒட்டியே வழுக்கிக்கொண்டு வருவதால், காரோடு ஒட்டிப் பதுங்குவதே ஆபத்து. இந்த அறிவு உயிர் கொடுத்து வாங்கியது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையரை மோதி மறித்தார்கள். இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கார்கள் மோதிய அதிர்ச்சியில் ஒரு முகவரின் ரிவால்வர், இருக்கையில் எடுத்து வைத்திருந்தது, எங்கேயோ தெறித்துப்போய்விட்டது. அந்தச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. தோட்டாக்களைக் கார்க் கண்ணாடி வழியாகவும் தகட்டின் வழியாகவும் சுட்டுச் சோதிக்கத் தொடங்கியது ஊரறிந்த செய்தி. என்னைக் கேட்டால், தோட்டாவைவிட அந்தத் தெறித்துப்போன ரிவால்வரே பெரிய பாடம்: உடம்போடு இல்லாத துப்பாக்கி, வேண்டிய நேரத்தில் கையிலும் இருக்காது.

இது தெரிந்த பிறகும் ஸ்டீயரிங்குக்குக் கீழே துப்பாக்கியை ஒட்டிவைக்கும் காந்தத்தையும் இருக்கை இடுக்கில் செருகும் உறையையும் விற்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஆசிரியர் வெயிலில் நின்று, குண்டு விலை, கார் விலை, காப்பீடு போக மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். திடலின் பக்கமே வராத வியாபாரி, அந்தப் பயிற்சியின் பெயரைச் சொல்லியே காந்தத்தை விற்கிறார். அது மோதலில் பிடிவிடும். காரை நிறுத்திவிட்டு இறங்குகிறவர் துப்பாக்கியை அங்கேயே மறந்தும் போகிறார். அமெரிக்காவில் திருடுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்துதான் போகிறது. இப்படித் திருடுபோனது அடுத்த தெருவில் யாரையோ சுடுகிறது. தற்காப்பு என்று விற்ற பொருள் இன்னொருவருக்கு ஆபத்தாக முடிவதை வியாபாரத்தின் இயல்பு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

காரைப் பறிக்க வருகிறவனிடம் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1992 செப்டம்பரில் மேரிலாந்தில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பமேலா பாசுவின் காரை இருவர் பறித்தார்கள். குழந்தை உள்ளே இருந்தது. அவர் கை சீட் பெல்ட்டில் சிக்கிக்கொள்ள, ஏறக்குறைய இரண்டு மைல் இழுபட்டு இறந்தார். குழந்தை இருக்கையோடு வெளியே எறியப்பட்டும் பிழைத்தது. துப்பாக்கியோடு வந்து காரைப் பறிப்பதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கிய சட்டம் அடுத்த மாதமே வந்தது. அப்படி ஒரு நிலையில் எந்தத் தாய்க்கும் தேவை பிள்ளையின் பெல்ட்டைக் கழற்றப் பத்து விநாடி. அதனால்தான் தேர்ந்த ஆசிரியர்கள் பிள்ளை எந்த இருக்கையில், சாவி எந்தக் கையில், எந்தக் கதவு வழியாக இறங்குவது என்பதைக் குறிபார்ப்பதற்கு முன்னாலேயே நடத்துகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காரின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஒரே ஒடிப்பில் வெளியேற அது போதும். ஓடும் கார் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு, அதைவிட வேகமான தற்காப்பு ஓட்டுநருக்கு வேறில்லை. முன்னும் பின்னும் அடைபட்டுப்போனால்? அப்போது இடுப்பிலிருப்பது தேவைப்படலாம், மறுக்கவில்லை. பயிற்சியின் கடைசிப் பகுதி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் 1993 முதல் 2002 வரையிலான அமெரிக்க நீதித்துறைக் கணக்கில் கார்ப் பறிப்பால் நேர்ந்த கொலைகள் ஆண்டுக்குச் சுமார் 15. சாலைச் சண்டையில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 2022-ல் மட்டும் 141 பேர் என்கிறது எவரிடவுன் அமைப்பு. அது துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் அமைப்பு, ஆண்டுகளும் வேறு வேறு. இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தள்ளிவிட முடியாது. காரில் இருக்கும் துப்பாக்கி கொள்ளையனைச் சந்திப்பதற்கு முன்னால், ஹார்ன் அடித்தவனைச் சந்தித்துவிடுகிறது.

காவலர்களின் நிலை வேறு, அவர்களால் விலகிப்போக முடியாது என்று இன்னொரு மறுப்பு வரும். 1972-ல், திருட்டுக் காரிலிருந்து ஓடிய 11 வயதுச் சிறுவன் காவலர் குண்டில் இறந்த பிறகு, நியூயார்க் காவல்துறை ஓடும் வாகனங்களை நோக்கிச் சுடுவதைத் தடை செய்தது. அந்த ஆண்டு 994 ஆக இருந்த துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகள் அடுத்த ஆண்டில் 665 ஆகக் குறைந்தன. அந்தக் குறைவு முழுவதும் ஒரே விதியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரின் முன்னால் போய் நிற்காதே, விலகு என்று காலுக்குக் கற்றுக்கொடுத்தால் கை சும்மா இருக்கும் என்பதற்கு அது சான்று. பொதுமக்களுக்கோ இப்படி ஒரு விதியும் இல்லை, கட்டாயப் பாடமும் இல்லை. உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல 2024-க்குள் 29 மாநிலங்கள் இடம்கொடுத்துவிட்டன. புளோரிடா 2005-லிருந்தே ஆள் இருக்கும் காரை வீட்டுக்குச் சமமாக வைத்துத் தற்காப்புச் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. சொந்தப் பணம் கட்டி வார இறுதியில் திடலுக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கடையில் வாங்கிய அன்றே அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அதன்மேல் பெல்ட்டைப் பூட்டி, வண்டியைக் கிளப்புகிறார்கள்.