கீழா, மேலா?

நான்கு குவார்க்குகள் சேர்ந்த துகள் ஒன்றின் நிறையைக் கணிக்க வேண்டும் என்றால் இன்றும் நான் முதலில் எடுப்பது பென்சிலைத்தான். கணினியில் வேலை ஒரு பக்கம் ஓடட்டும். தாளில் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எனக்குக் கை ஓடாது.

கோட்பாட்டு இயற்பியலாளர்கள் கார்லினரும் ரோஸ்னரும் காட்டிய வழி அது. தெரிந்த துகள்களின் நிறைகளை வைத்து ஒவ்வொரு குவார்க்குக்கும் ஒரு விலை கட்டிவிடுவார்கள். சார்ம் குவார்க்குக்கு 1710.5 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்), லேசான அப்புக்கும் டவுனுக்கும் 363. இரண்டு சார்மும் ஒரு லேசான குவார்க்கும் சேர்ந்த பேரியானுக்கு 3784 வரும். தற்சுழற்சித் திருத்தங்களில் 14.2 ஏறும், 42.4 இறங்கும். சார்ம்கள் இரண்டும் நெருங்கிப் பிணைவதால் இன்னொரு 129 கழியும். துணிச்சல் முழுவதும் இந்த 129இல்தான். சார்மும் எதிர்சார்மும் பிணையும் ஆற்றலில் சரிபாதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒற்றை குளுவான் பரிமாற்றத்துக்கு அந்தப் பாதி சரி. முழு வலுவிசைக்கும் பொருந்தும் என்பது ஊகமே. 2014இல் அவர்கள் சொன்னது 3627, பிழை 12. 2017இல் எல்எச்சிபி ஆய்வுக்குழு அளந்தது 3621!

அதே 129ஐ இரண்டு சார்ம், எதிர்அப், எதிர்டவுன் சேர்ந்த துகளுக்கும் போட்டால் 3882. ஆனால் டி, டி-ஸ்டார் என்ற இரு மெசான்களாக உடைய 3875 போதும். அந்த எல்லைக்கு 7 மேலே, பிழையோ 12. ஐக்டன், குவிக் என்ற இன்னொரு இணை போட்ட கணக்கில் 102 மேலே. 2021இல் எல்எச்சிபி அறிவித்த துகள் எல்லைக்குக் கீழே இருந்தது, அதுவும் அரை எம்இவிகூட இல்லாத இடைவெளியில். கார்லினர் கணிப்பு பலித்தது என்பார்கள். நிறையில் பலித்தது, சரி. கீழா மேலா என்று கேட்டால் அந்தத் தாளிடம் பதில் இல்லை. வலுவிசையைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் போடும் லாட்டிஸ் கணக்கும் இங்கே திணறும்: பத்மநாத்தும் ப்ரெலோவ்செக்கும் 2022இல் வெளியிட்ட கணக்கில் பையானின் நிறை 280, இயற்கையில் 140க்குள்; கீழா மேலா என்பதே அதைப் பொறுத்து மாறலாம்.

பாட்டம் குவார்க்குகளிடம் இந்தத் தவிப்பு கிடையாது. கனம் கூடக் கூட இரண்டும் இன்னும் நெருங்கும். கழிவு 281 ஆகிவிடும். இரண்டு பாட்டம், எதிர்அப், எதிர்டவுன் சேர்ந்த துகள் 10389இல், உடையும் எல்லை 10604இல். 215 கீழே இருக்கும்போது 12 பிழையைப் பற்றி என்ன கவலை? ஐக்டன், குவிக் கணக்கிலும் 121 கீழேதான். வலுவிசையால் உடையாது, மின்காந்த வழியும் அடைப்பு. வலிமை குன்றிய விசை ஒன்றுதான் மிச்சம். பந்தயம் கட்டச் சொன்னால் தயங்காமல் இதன் மேல் கட்டுவேன்.

அகப்படுவதுதான் பாடு. ஒரே மோதலில் இரண்டு பாட்டம் ஜோடிகள் பிறக்க வேண்டும், பாட்டம் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஒரே திசையில் போக வேண்டும். அப்புறம் அது எந்தெந்தத் துகள்களாகச் சிதையும், அதில் எதைத் தேடினால் உணர்கருவிக்குத் தெரியும் என்பதுதான் இப்போது என் தாளில் ஓடும் கணக்கு.