அப்பாவின் பிக்கப்பில் ஏர்கோன்

2008-ஆம் ஆண்டு, மூன்றாமாண்டுப் பருவ விடுமுறைக்கு நான் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பியபோது வீட்டில் எல்லாரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஈப்போவில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தேநீர், இரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். கூடினால் அந்த நீர் நுரையீரலில் போய்த் தேங்கும். படுத்தால் மூச்சு முட்டும். ஒருமுறை அப்படி ஆகி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எனக்குத் தேர்வு நேரம் என்று சொல்லவில்லையாம்.

"சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குறாரு, திருட்டுத்தனமா குடிக்கிறாரு" என்று அம்மா புலம்பினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாரம் நானே வண்டி ஓட்டிக்கொண்டு போகும்வரை.

அது 1993-இல் அப்பா காய்கறி வியாபாரத்திற்காகத் தவணையில் வாங்கிய டீசல் பிக்கப். ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அப்பாவுக்குக் கிடைத்த முறை காலை 11 மணிக்குத் தொடங்குவது; திரும்பும்போது மாலை மூன்றரை. கண்ணாடியை ஏற்றினால் உள்ளே அடுப்பு, இறக்கினால் லோரிப் புகை. போதாததற்கு எஞ்சின் சூடு காலடித் தகட்டின் வழியாக ஏறும். நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே ஓடித் திரும்பிய மனிதர், தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு கண் மூடிக் கிடந்தார். சிம்மோர் அருகே ஓர் ஒட்டுக்கடையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். ஐஸ் தண்ணீர்ப் பொட்டலம் ஒன்று வாங்கி, ஒரே மூச்சில் உறிஞ்சி முடித்தார்.

"அம்மாகிட்ட சொல்லாதடா."

ஏர்கோன் இல்லாத வண்டி இல்லை அது. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், காற்றும் வரும், வெறும் காற்று. 'ஏர்கோன்லாம் ஆபிஸ்காரங்களுக்கு' என்று அப்பா சொல்லிச் சொல்லி, அவருக்கு அது பிடிக்காது என்றே நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். உண்மையில் அவர் மூன்று முறை ஒரு கடைக்குப் போய், முறைக்கு 50 வெள்ளி கொடுத்துக் கேஸ் நிரப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பத்து நாள்தான் குளிர்ந்திருக்கிறது. பிறகு விட்டுவிட்டார்.

நான் இயந்திரவியல் மாணவன். வெப்ப இயக்கவியலில் 'ஏ' வாங்கியவன். குளிர்பதனச் சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் முன்மூடியைத் திறந்து பார்த்தபோது எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதே பிடிபடவில்லை. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டுக் கொட்டகையில் வண்டி பழுது பார்த்துவந்த ஒரு போமனிடம் கொண்டுபோனேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்றேன்.

"தம்பி, கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? அது உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கணும். கொறஞ்சா ஒழுகுதுன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம ஊத்துனா ஓட்டைப் பானைதான்."

மூடிய சுழற்சி என்று நான் தேர்வில் எழுதியதும் இதைத்தான்.

இணைப்புகளில் எல்லாம் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. கொஞ்சம் கேஸும் ஒளிரும் சாயமும் ஏற்றி, "நாலு நாள் ஓட்டிட்டு வா" என்றார். நான்காம் நாள் அந்தி சாய்ந்ததும் புற ஊதா விளக்கை அடித்தார். கம்ப்ரசரில் இல்லை, முன்னால் இருக்கும் கண்டென்சரிலும் இல்லை. கடைசியில் வண்டிக்கு அடியில், ஏர்கோன் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் பச்சையாக மின்னியது. ஓட்டை கூலிங் காயிலில். அதாவது டேஷ்போர்டுக்குள்ளே.

மறுநாள் முழுக்கப் பிரித்தோம். கையுறைப் பெட்டியைக் கழற்றி, காற்றாடியை இறக்கி, காயில் பெட்டியை வெளியே இழுத்தால், அது காயிலாகவே தெரியவில்லை. அந்தக் கால வண்டிக்குக் காற்று வடிகட்டி கிடையாது. பதினைந்து ஆண்டு இலைத் துகளும் சாலைப் புழுதியும் ஈரத்தில் ஊறிக் களிமண்ணாக அப்பியிருந்தன. கழுவிப் பார்த்தபோது அலுமினியம் அரித்து, ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை.

ஹாஃப்-கட் கடையில் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டேன். "அடுத்தவன் ஓட்டையைக் காசு குடுத்து வாங்கப் போறியா?" என்றார். புதுக் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர், எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 480 வெள்ளி. கல்விக் கடனில் மிச்சம் பிடித்திருந்த பணம் அது. அப்பாவிடம் 200 என்று சொன்னேன்.

இணைப்புகளில் இருந்த கறுப்பு ரப்பர் வளையங்களையும் அவர் மாற்றினார். வண்டி முதலில் ஆர்-12 கேஸில் ஓடியது. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்திய வாயு அது. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. பிற்பாடு யாரோ ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றியபோது பழைய வளையங்களை அப்படியே விட்டிருந்தார்கள். புதிதாகப் போட்டவை பச்சை நிறம்.

பிறகு வேக்கம் பம்ப். அரை மணி கழித்து, போதாதா என்றேன். "உள்ள ஈரம் இருந்தா வால்வு வாய்ல ஐஸ் கட்டி அடைச்சுக்கும்" என்று இன்னும் அரை மணி ஓடவிட்டார். அழுத்தம் போதிய அளவு இறங்கினால் நீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அதற்கும் நான் அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், எதற்கென்று தெரியாமல். பம்பை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்து பார்த்தோம். முள் அசையவில்லை. அதன் பிறகுதான், தராசில் நிறுத்து, கேஸை ஏற்றினார். காற்றுவாயில் வைத்த வெப்பமானி 9 டிகிரி காட்டியது.

அடுத்த முறை ஈப்போவிலிருந்து திரும்பும்போது அப்பா ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டார். சிம்மோர் ஒட்டுக்கடை வந்ததும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஏன் நிப்பாட்டுற? போ, நேரமாச்சு."

வழக்கமாக ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் இடையில் அவருக்கு மூன்றரை, நான்கு கிலோ ஏறிவிடும். இரண்டு வாரம் கழித்து எடைக் கருவியில் நின்றபோது 2.2 கிலோதான் கூடியிருந்தது. தாதி அட்டையைப் புரட்டிவிட்டு மீண்டும் ஏறி நிற்கச் சொன்னார். அதே 2.2.

"என்ன அங்கிள், தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"மகன் ஏர்கோன் செஞ்சு குடுத்தான்" என்றார் அப்பா.

தாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.